தலைக்கோடு

எட்டாம் நாளே பறித்துவிட்டோம்.
போத்தலில் பதினான்கு என்றிருந்தது,
மூன்று மொழியிலும்.
தமிழ்தான் மூன்றிலும் சின்ன எழுத்து.
அதைக் கண்ணைச் சுருக்கி வாசிப்பவள் நான் ஒருத்தி என்பதால்
கொப்பி என்னிடம்.

மருந்தடித்தது ஏழாம் திகதி.
முகத்தில் ஈரத் துவாலை கட்டி இருதயராஜ்
மேல்வரிசை முப்பத்தாறு மரத்துக்கும்
பனி விலகும் முன்பே அடித்து முடித்தான்.
அன்றிரவு அவனுக்கு வாந்தி.
அதை எழுதக் கொப்பியில் கட்டம் இல்லை.

பதினைந்தாம் திகதி லொறி வந்து நின்றது.
ஓகஸ்ட் விடுமுறை.
எல்ல போகிற வேன்களெல்லாம்
பண்டாரவளை வளைவில் நின்று நின்று
பேர்ஸ் கேட்கின்றனவாம்.
"இன்னும் ஆறு நாள் கிடக்கே" என்றேன்.
முதலாளி திட்டவில்லை.
வங்கிக் கடிதத்தை நாலாய் மடித்துப் பையில் வைத்தார்.
கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து,
சட்டையில்கூடத் துடைக்காமல்,
எல்லார் முன்னும் கடித்தார்.
"செத்தா விழுந்துட்டேன்?"
லொறிக்காரன் சிரித்தான்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாரக் கணக்கு அன்று மாலைதான் எழுதினேன்.
7 போட வேண்டிய கட்டத்தில்
தலைக்கோட்டை மட்டும் போடாமல் விட்டேன்.
மிச்சம் நின்றது 1.
கொஞ்சம் சாய்ந்த 1.
ஒன்றுக்கும் பதினைந்துக்கும் இடையில்
சரியாகப் பதினான்கு நாள்.
பொய் எழுதினேன் என்று யாரும் சொல்ல முடியாது.
எழுதாமல் விட்டேன்,
அரிசி நீளம்கூட இல்லாத
ஒரு படுக்கைக் கோட்டை.

சனிக்கிழமை பதுளை ஆஸ்பத்திரி.
நாத்தனாருக்கு ஆண் குழந்தை.
பக்கத்துக் கட்டிலில் ஹம்சியா,
ஏழு மாத வயிறு, வீங்கிய கால்,
தலைமாட்டில் கடதாசிப் பை.
"வளைவுல வாங்கினாங்க. எடுங்க தங்கச்சி,
நம்ம மலைப் பழம்தானே."

பச்சை ஸ்டிக்கர். என் விரல் ஒட்டியது.
காம்புக் குழியில்
உலர்ந்துபோன ஒரு வெள்ளைத் துளி.

"கழுவிட்டு வாறேன்" என்று
பையோடு வாங்கிக்கொண்டு போனேன்.
வார்டுக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர்.
கட்டைவிரலால் தேய்த்தேன்.
சவர்க்காரத் துண்டால் தேய்த்தேன்.
பின்னால் வாளியோடு நின்ற தாதி
"பழத்தைக் குளிப்பாட்டுறீங்களா?" என்றாள்.
அப்புறமும் மனம் கேட்காமல்
கத்தி கடன் வாங்கி, எல்லாவற்றையும் சீவினேன்.
தோல் சுருள் சுருளாய்க் குப்பைக்கூடைக்குள் இறங்கியது.

"ஏன் சீவினீங்க? தோல்லதானே சத்து?"
"கறுத்திருந்திச்சு அக்கா."

பயிற்சி வகுப்புக்கு வந்த உத்தியோகத்தர்
சோக்கட்டியால் ஒரு பழம் வரைந்து,
சில மருந்து தோலோடு நிற்காது என்று
உள்ளே புள்ளி புள்ளியாய் வைத்தது
அந்த நேரம் பார்த்துத்தானா ஞாபகம் வர வேண்டும்?
எந்தச் சில என்று அன்று யாரும் கேட்கவில்லை.
நான் தேத்தண்ணிக்கு வரிசையில் நின்றேன்.

ஹம்சியா இரண்டு துண்டு தின்றாள்.
மூன்றாவதில் நிறுத்தி, வயிற்றைத் தொட்டு,
"துள்ளுறான் பாருங்க, இனிப்புக்கு" என்று
என் கையை இழுத்து வைத்தாள்.
துள்ளியது.
கையை எடுக்கத் தெரியாமல் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கீழ்வரிசைக்கு மருந்து.
இருதயராஜ் துவாலையை நனைத்தபடி
திகதி கேட்டான்.
பழைய பக்கத்தில் அந்த 1
சாய்ந்தபடியே நின்றது.
பேனாவை அதன் தலைக்கு மேல் கொண்டுபோய்
திரும்ப எடுத்துக்கொண்டேன்.
வேன்கள் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்கும்.

புதுப் பக்கம் திருப்பினேன்.
எண்ணில் எழுதவில்லை.
கட்டத்துக்கு வெளியே வழிந்தாலும் பரவாயில்லை என்று
எழுத்து எழுத்தாய் எழுதினேன்,
பத்தொன்பது.

"இது என்ன புதுசா?" என்றான் இருதயராஜ்.
"உன் தலைவலியையும் சொல்லு" என்றேன்,
"ஓரத்துல இடமிருக்கு."